தவமணிதேவியின் ஐந்தடி

வலவ்வவின் வாசற்கதவு ஏழு அங்குலம் வளர்ந்திருந்தது.

மகாலிங்கம் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, அடிமட்டத்தை வைத்து மறுபடி அளந்தார். மாத்தளை மாவட்டத்துப் பழைய கட்டடங்களைத் தொல்பொருள் திணைக்களத்துக்காகப் படம் எடுத்தே பதினாறு வருஷம் தேய்ந்த மனிதர் அவர். வலவ்வ என்கிற அந்தப் பழைய பெரியவீட்டுக் கதவை எழுபத்தாறில் நாடா பிடித்து அளந்து, எட்டடி என்று குறித்து வைத்தவரும் அவரே. இப்போது படத்தைக் கொண்டு கணக்குப் போட்டால் எட்டடி ஏழு அங்குலம் வந்தது. நூறு வருஷத்துப் பலாமரக் கதவு வளர்வதாவது. தன் பிழை எங்கே என்று தேடி, அளவுக்காகக் கதவோரம் நின்ற பெண்ணின் உருவத்தை அளந்து, இவள் ஐந்தடி, அது சரிதானே என்று தலையாட்டிய பிறகுதான் அவர் கை நின்றது.

அன்று கதவோரம் அவர் யாரையும் நிறுத்தவில்லை.

கட்டடத்தின் உயரம் படத்தில் விளங்க வேண்டுமானால் பக்கத்தில் உயரம் தெரிந்த ஏதாவது நிற்க வேண்டும். அதற்கென்று திணைக்களம் கொடுத்த சிவப்பு வெள்ளைக் கோல், எழுபத்தைந்தில் நாலந்தா கெடிகே என்ற பழைய கற்கோயிலைக் குளத்துக்காகக் கல் கல்லாகக் கழற்றியபோது ஒரு கல்லுக்கு அடியில் போய் முறிந்தது. புதுக் கோல் கேட்டு எழுதிய கடிதம் ஏதோ ஒரு கோப்பில் இன்னும் நிம்மதியாகத் தூங்குகிறது. அன்றிலிருந்து கோலாக நின்றவள் அவர் மனைவி தவமணிதேவி. நாவுலவில் பள்ளிக்கூட ஆசிரியை, சரியாக ஐந்தடி. இருண்ட கட்டடங்களுக்குள் லென்ஸை நாலு நிமிஷம் திறந்து வைக்க வேண்டும். அந்த நாலு நிமிஷத்தில் நடமாடுகிறவர்கள் படத்தில் விழமாட்டார்கள், கரைந்துபோவார்கள். அசையாமல் நிற்பவர் மட்டும்தான் விழுவார். அவள் மூக்கில் ஈ இருந்தாலும் நிற்பாள். "அசையாதையும், தவம்" என்று அவர் சொன்னால், "சரி" என்று அவரே சொல்லும்வரை ஒரு விரல் அசையாது. ஒருமுறை அவர் சரி சொல்ல மறந்து பெட்டியைக் கட்டத் தொடங்கி, திரும்பிப் பார்த்தால் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். வீடு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

போன வருஷம், எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அவள் காணாமல் போனாள். உடல் கிடைக்கவில்லை.

"பழைய படமா ஐயா இது?" தன் ஸ்டூடியோவின் இருட்டறையை அவருக்குத் தந்து உதவும் ஜவாஹிர் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். "டீச்சர் நிக்கிறாங்களே."

"முந்தாநாள் எடுத்தது."

ஜவாஹிர் தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

நியாயப்படி பயம்தான் வந்திருக்க வேண்டும். மகாலிங்கத்துக்கு வந்தது சந்தோஷம், வெட்கங்கெட்ட சந்தோஷம். வீட்டு மேசை லாச்சிக்குள் மைத்துனர் இராசலிங்கம் சாவகச்சேரியிலிருந்து அனுப்பிய மரணப் பதிவுப் படிவம் மாதக்கணக்காகக் கிடந்தது. ஆண்டு முடியப் போகிறது, கையெழுத்து வைத்துவிட்டுக் கிரியையைச் செய்யுங்கள், தங்கச்சி எங்கேயோ தவித்துக்கொண்டிருப்பாள் என்று கடிதத்துக்கு மேல் கடிதம். இதோ நிற்கிறாளே. நிற்கிறவளுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது எப்படி?

அன்று மத்தியானச் சோற்றில் கை வைத்தபோதுதான் அந்த ஏழு அங்குலம் திரும்ப வந்து நெஞ்சில் குத்தியது. கை கழுவாமலே எழுந்துபோய் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் படத்தின் மேல் வைத்தார். கதவு வளரவில்லை. அவள் குறைந்திருந்தாள். சேலைக் கரை கருங்கல் படியைத் தொடும் இடத்தில் செருப்பு இல்லை, பாதம் இல்லை. நாலு அங்குலம் கல்லுக்குள் போயிருந்தது.

அடுத்த கிழமை கெடிகே. கழற்றிய கற்களையெல்லாம் இலக்கம் பார்த்துத் திரும்ப அடுக்கி, குளக்கரை மேட்டில் நிறுத்தியிருந்தார்கள். வெயில் சாயாத மூன்று மணிக்கு, உள்ளிருட்டில் லென்ஸைத் திறந்துவிட்டு அவர் எண்ணத் தொடங்கினார். குளத்துக் காற்றோடு வந்த சேற்று வாசனைக்கும் வௌவால் எச்சத்தின் காரத்துக்கும் நடுவே, எங்கிருந்து என்று சொல்ல முடியாமல், சோக்குத் தூளும் சந்தனப் பவுடரும் கலந்த பள்ளிக்கூடம் விட்டு வருபவளின் வாசனை மெல்ல எழுந்து, அவர் கழுத்துப் பக்கமாக வந்து நின்றது. அதோடு ஒரு சத்தம். சுளகில் அரிசி சரிவது போல. மண் சரிவது போல. நூற்றிருபதுவரை எண்ணியவருக்கு அடுத்த எண் மறந்துபோனது.

அந்தப் படத்தில் அவள் வாசற்கல்லுக்குள் இடுப்புவரை போயிருந்தாள். கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டி, முகம் நேராக, எப்போதும் நிற்பது போலத்தான் நின்றாள்.

இருட்டறைக்கு வெளியே கிடந்த வாங்கில் மகாலிங்கம் உட்கார்ந்துவிட்டார். பதினொரு மாதமாக யாரிடமும் சொல்லாததை அன்று ஜவாஹிரிடம் சொன்னார்.

"அண்டைக்கு அவ எனக்கு ஃபோன் எடுத்தவ. பஸ்காரன் நாலந்தாவுக்கு இஞ்சால வரமாட்டன் எண்டு இறக்கி விட்டுட்டானாம். ஒரு கடையில இருந்து பேசினவ. ஆக்களோட சேர்ந்து காட்டுப் பக்கம் போகட்டோ எண்டு கேட்டவ. நான்தான் வேண்டாம் எண்டன். நாங்க படம் எடுத்த அம்பலம் கிட்டத்தானே இருக்கு, அதுக்குள்ள போய் நில்லும், நான் வாகனம் கொண்டு வாறன், அதுவரைக்கும் அசையாதையும் எண்டன்."

"மத்த ஆக்கள்?"

"காட்டுக்குள்ள போனவை எல்லாம் தப்பிட்டினம்."

இரண்டு மணித்தியாலத்தில் ஊரடங்கு போட்டார்கள். அவர் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். வழிப்போக்கர் இளைப்பாறும் அந்தப் பழைய மண்டபத்தில் அவளுடைய குடைகூட இல்லை. மண் தரையை யாரோ சுத்தமாகப் பெருக்கியிருந்தார்கள். விளக்குமாற்றுத் தடம் வரிவரியாகக் கிடந்தது. அதற்குப் பிறகு அவர் அந்த அம்பலத்துப் பக்கம் போகவே இல்லை.

ஜவாஹிர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நாங்கன்டா மையித்த நேரத்தோட அடக்கிருவோம் ஐயா. போகவும் விடாம, இருக்கவும் விடாம வெச்சிருந்தா அவங்களுக்குத்தான் வேதனை. டீச்சர் சொல்லிச் சிரிப்பாங்களே, அந்த 'சரி'ய நீங்க இன்னும் சொல்லல்லத்தானே. போய்ச் சொல்லிருங்க."

அவ்வளவுதான், ஒரு சொல். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறும்போது அதை நாக்கு நுனியில்தான் வைத்திருந்தார். பலாபத்வெல தாண்டியதும் ஓர் எண்ணம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. சரி என்று சொன்னால் அவள் அசைவாள். அசைந்தவர்கள் படத்தில் நிற்பதில்லை. பிறகு எந்தக் கட்டடத்திலும், எந்தக் கதவோரத்திலும் அவள் இருக்கமாட்டாள்.

அம்பலம் அப்படியே இருந்தது. நாலு மரத்தூண், சரிந்த ஓடு, அதே மண் தரை. பட்டப்பகலில், தெருவில் லொறிகள் போய்க்கொண்டிருக்க, உள்ளே மட்டும் மழைக்கு முந்திய இருட்டு. அவர் ஸ்டாண்டை நிறுத்தினார். லென்ஸைத் திறந்தார். வாசனை இந்தமுறை எழவில்லை. பச்சை மண் மணந்தது, புதிதாக வெட்டிய மண். சரிகிற சத்தம் மிக அருகில் கேட்டது, கொஞ்சம் கொஞ்சமாக, நின்று நின்று, யாரோ மூச்சு விடும் நேரமெல்லாம் அந்த மூச்சுக்கு இடம் கொடுத்துக் கொடுத்துச் சரிவது போல. ஒரு நிமிஷம். வாயைத் திறந்தார். மூடினார். இரண்டு நிமிஷம். இன்னும் ஒரே ஒரு படம். இதில் மட்டும் பார்த்துக்கொள்கிறேன். மூன்று. அவள் நிற்கக்கூடியவள். நாலு.

லென்ஸை மூடினார். சொல்லவில்லை.

பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவருக்குத் தன்மேலே அருவருப்பாக இருந்தது.

அன்று பின்னேரம் இருட்டறையின் சிவப்பு வெளிச்சத்தில், டெவலப்பர்த் தட்டில் கிடந்த வெள்ளைத் தாளை அவர் விரலால் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். முதலில் தூண்கள் வந்தன. ஓடு வந்தது. பின்சுவர். தூண்களுக்கு நடுவே யாரும் இல்லை. போய்விட்டாள், என்று நினைத்தார். நினைத்த கணத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பிறகு தரை வந்தது.

தரையில் ஒரு வகிடு.

நெற்றி. பொட்டு. புருவம்.

கண்கள். திறந்தபடி, லென்ஸை நேராகப் பார்த்தபடி. அதற்குக் கீழே மண்தான். வரிவரியாகப் பெருக்கிய மண்.

"சரி" என்றார் மகாலிங்கம். "சரி, தவம். போதும். வாரும்."

தட்டில் நீர் ஆடியது. கண்கள் ஆடவில்லை.

"சரி எண்டுறன். காணும். அசையும்." தட்டின் மேல் குனிந்து, வாய் தண்ணீரைத் தொட, கத்தினார். ஜவாஹிர் வெளியே கதவைத் தட்டினார். "ஐயா, என்னாச்சு? கதவத் தொறங்க." அவர் திரும்பவும் கத்தினார். சரி. சரி, தவம். சரி.

அவளை விட்டுக் கண்ணை எடுக்க முடியாமல் கன்னப் பக்கமாகப் பார்வை நகர்ந்தபோதுதான் கண்டார். மண்ணின் விளிம்பு கண்ணுக்குச் சற்றுக் கீழே போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் கூந்தல் மட்டும். அந்தப் பக்கமும் கூந்தல் மட்டும்.

காதுகள் இரண்டும் மண்ணுக்குள் இருந்தன.

கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன, அவர் சரி சொல்வதற்காக.