அலமாரி கேட்ட பாட்டு

சித்தப்பாவின் பாட்டை இந்த உலகத்தில் மொத்தம் ஒன்பது பேர் கேட்டிருந்தார்கள்.

அந்த ஒன்பது பேரும் யார் யார் என்று மிளகுக்கு நன்றாகத் தெரியும். அம்மா, அப்பா, அத்தை, அத்தை வீட்டு மாமா, சித்தப்பாவோடு வேலை பார்க்கும் நண்பர்கள் நான்கு பேர், அப்புறம் மிளகு.

மிளகு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. ஆள் சின்னது, பேச்சு காரம் என்று சித்தப்பா வைத்த பெயர். ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் அது அவளை விட்டபாடில்லை.

சித்தப்பாவுக்கு வேலை, உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது. ஆசையெல்லாம் பாட்டில். லிஃப்ட் கதவு மூடும்போது வரும் 'ஷ்ஷ்ஷ்', மாடி வந்ததும் அடிக்கும் 'டிங்', இரும்பு வடம் ஓடும்போது கேட்கும் 'ம்ம்ம்' எல்லாவற்றையும் சாப்பாட்டு இடைவேளையில் போனில் பதிவு செய்துகொண்டு வருவார். அதுதான் அவர் பாட்டுக்குத் தாளம்.

பாடுவது வீட்டுத் துணி அலமாரிக்குள். கதவைத் திறந்து, தொங்கும் துணிகளுக்கு நடுவே மைக்கோடு தலையை நுழைத்துக்கொண்டு பாடுவார். துணி எதிரொலியை விழுங்கிவிடுமாம்.

"இந்த வீட்டுல உங்க பாட்டு மனப்பாடமா தெரிஞ்சது என் துணிங்களுக்குத்தான்" என்பாள் அம்மா.

அவருக்குப் பின்னால் கம்பெனி எதுவும் கிடையாது. எழுதுவது, பாடுவது, பாட்டுச் செயலியில் ஏற்றுவது எல்லாம் அவரே. ஏற்றிய பாட்டுக்கு 'மூணாவது மாடி' என்று பெயர். தினமும் காலையில் செயலியைத் திறந்து எத்தனை பேர் கேட்டார்கள் என்று பார்த்துச் சொல்வது மிளகின் வேலை.

"எவ்வளவு?"

"ஒன்பது, சித்தப்பா."

"நேத்தும் ஒன்பது."

"குறையலையே!" என்பாள் மிளகு.

இரண்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா மெதுவாகப் பேசுவது பக்கத்து அறையில் இருந்த மிளகின் காதில் விழுந்தது.

"அண்ணி, இந்த மாசத்தோட மூட்டை கட்டிடலாம்னு இருக்கேன். மைக்கை யாருக்காவது குடுத்துடறேன். கேக்க ஆளே இல்லாம யாருக்குப் பாடறது?"

தையல் மெஷின் நின்றுவிட்டது.

பாடாத சித்தப்பாவை மிளகால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதானே? ஆள் சேர்த்துவிட்டால் போயிற்று!

மறுநாளே வேலையில் இறங்கினாள். அம்மாவின் பழைய போன், அப்பாவின் கண்ணாடி உடைந்த போன், பாடம் படிக்கும் டேப்லெட், அத்தை மறந்து வைத்துவிட்டுப் போன போன் என்று நான்கைத் தேற்றினாள். நான்கிலும் 'மூணாவது மாடி' திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்தாள். யாருக்கும் தெரியக் கூடாது என்று சத்தத்தைச் சுத்தமாக நிறுத்தினாள். அலமாரியின் அடித்தட்டில், போர்வைகளுக்குக் கீழே படுக்க வைத்துக் கதவை மூடினாள்.

"அலமாரிக்குள்ள எதுக்குடி ஒயர் போகுது?" என்றாள் அம்மா.

"பூச்சி வராம இருக்கம்மா!"

ஒன்பது, முந்நூறானது. முந்நூறு, ஆயிரத்தைத் தாண்டியது. மூன்றே நாளில் இரண்டாயிரத்து நானூறு!

சித்தப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. விசில் அடித்துக்கொண்டே பல் தேய்த்தார். தெருமுனைக் கடைக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டார். அடுத்த பாட்டுக்கு இரண்டு வரி எழுதியும் முடித்தார்.

நான்காம் நாள் பாட்டுச் செயலிக்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. சித்தப்பா உரக்கப் படிக்க ஆரம்பித்தார். போகப் போக அவர் குரல் தேய்ந்தது.

"உங்கள் பாட்டு ஒரே வீட்டிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை ஓட்டப்பட்டிருக்கிறது. இவை உண்மையான கேட்புகள் இல்லை என்று கருதுகிறோம். பாட்டை நீக்கியிருக்கிறோம்."

ஒன்பதும் போய், பாட்டும் போய்விட்டது.

"நான் ஒண்ணுமே பண்ணலையே அண்ணி! யாரு இப்படிப் பண்ணினது?"

மிளகு எழுந்து போய் அலமாரிக் கதவைத் திறந்தாள். போர்வைகளைத் தூக்கினாள். மூன்று போன்களும் டேப்லெட்டும் கணகணவென்று சூடாகக் கிடந்தன.

"நான்தான், சித்தப்பா."

அம்மா திட்ட வாயெடுத்தாள். சித்தப்பா கையைக் காட்டித் தடுத்தார். குனிந்து ஒரு போனைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அப்ப அந்த ரெண்டாயிரத்து நானூறுல ஒருத்தர்கூடக் கேக்கலையா?"

"சத்தத்தை நிறுத்திட்டேன். அலமாரிதான் கேட்டுது. அதுவும் கேக்கல."

"நீயாவது ஒரு தடவை முழுசாக் கேட்டியா?"

மிளகு தலையைக் குனிந்துகொண்டாள். முப்பது நொடி ஓடினாலே செயலியில் ஒரு கேட்பு ஏறிவிடும். பாட்டை ஏற்றிய அன்றைக்கு முப்பது நொடி கேட்டுவிட்டு விளையாடப் போனவள்தான்.

"முதல்ல நான் கேக்கறேன், சித்தப்பா. இப்பவே."

சித்தப்பா தன் கணினியில் பாட்டைப் போட்டார். டிங். ஷ்ஷ்ஷ். ம்ம்ம். அதற்கு மேல் அவர் குரல் மெதுவாக ஏறியது. மாடி மாடியாகப் போய் எல்லாருடைய அழைப்புமணியையும் பழுது பார்த்துக் கொடுக்கும் ஒருவனின் பாட்டு. அவன் வீட்டு மணியைத்தான் யாருமே அடிப்பதில்லை. மிளகு ஆடாமல் அசையாமல் கேட்டாள்.

பாட்டு முடியும் இடத்தில், ஒரு குட்டிக் குரல் மாடிகளை எண்ணியது. "ஒண்ணு... ரெண்டு... மூணு... மூணுக்கு அப்புறம் என்ன, சித்தப்பா?" பிறகு கிளுகிளுவென்று ஒரு சிரிப்பு.

"இது யாரு?"

"நீதான். மூணு வயசுல. என்கூட முதல் தடவை லிஃப்டுல ஏறினப்ப பதிவு பண்ணினது."

இரண்டு மாதமாக மிளகு எண்ணிக்கையைப் பார்த்தாளே தவிர, பாட்டுக்குள்ளே தானே உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியவில்லை.

முதல் காரியமாகச் செயலிக்காரர்களுக்கு எழுதினாள். செய்தது தான்தான், சித்தப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, இனிமேல் செய்ய மாட்டேன் என்று மூன்று வரி. பிறகு சித்தப்பாவிடம் வந்தாள்.

"பாட்டை வேற யாருக்காவது அனுப்பினீங்களா?"

"நாப்பத்திரண்டு இணைய வானொலிக்கு அனுப்பினேன். ஒருத்தரும் பதில் போடல."

"என்ன எழுதினீங்க?"

"வணக்கம், என் பாட்டை ஒலிபரப்பவும், நன்றி."

"எல்லாருக்கும் இதேதானா? அவங்க என்ன நிகழ்ச்சி போடறாங்கன்னு கேட்டீங்களா?"

"எனக்கு நேரம் எங்க இருக்கு?"

"அவங்க வானொலிய நீங்க கேக்க மாட்டீங்க. உங்க பாட்டை மட்டும் அவங்க கேக்கணும்!" என்றாள் மிளகு. காரம் கொஞ்சம் தூக்கல்தான். சித்தப்பா தலையைச் சொறிந்துகொண்டார்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நோட்டும் பேனாவுமாக மிளகு வானொலி கேட்க உட்கார்ந்தாள். ஒன்றில் ஓயாமல் டமடமவென்ற ஆட்டப் பாட்டு. இன்னொன்றில் பாட்டைவிடப் பேச்சு அதிகம். மூன்றாவது, அம்மா தைக்கும்போது கேட்கும் வானொலி. ஓர் அக்கா தன் வீட்டிலிருந்தே தனியாக நடத்துவது. நடுநடுவே அவருடைய நாய் குரைப்பதும் கேட்கும். நாலு மணிக்கு அதில் 'கைவேலை நேரம்' என்று ஒரு நிகழ்ச்சி. வேலை செய்துகொண்டே கேட்பவர்களுக்கான பாட்டுகள்.

ஐந்து நாள் விடாமல் கேட்ட பிறகு மிளகு கடிதம் எழுதினாள்.

"வானொலி அக்காவுக்கு, வணக்கம். செவ்வாய்க்கிழமை ரொட்டி சுடும் அண்ணனுக்காக ஒரு பாட்டுப் போட்டீர்கள். மைக்கை மூட மறந்து நீங்களும் கூடவே பாடினீர்கள். நன்றாக இருந்தது. என் சித்தப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். இத்தோடு அனுப்பியிருக்கும் அவர் பாட்டின் தாளம் முழுக்க லிஃப்டில் எடுத்தது. தினமும் லிஃப்டில் ஏறி வேலைக்குப் போகிறவர்கள் உங்கள் நிகழ்ச்சியைக் கேட்பார்கள் இல்லையா? அவர்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். இதுவரை இதை அதிகமாகக் கேட்டது எங்கள் வீட்டு அலமாரி. அது என் தப்பு. தயவுசெய்து கடைசிவரை கேளுங்கள். சிரிப்பது நான்தான்."

நான்கு நாள் பதிலே இல்லை. மைக் பெட்டிக்குள் போய்விட்டது. இதற்கிடையில் பாட்டுச் செயலிக்காரர்கள் பாட்டைத் திருப்பி ஏற்றியிருந்தார்கள். எண்ணிக்கை பழையபடி ஒன்பது.

சனிக்கிழமை நாலு மணி. அம்மா தைத்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா மைக் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். வானொலி அக்கா பேச ஆரம்பித்தார்.

"இன்னிக்கு ஒரு வித்தியாசமான பாட்டு. இதுவரைக்கும் ஒரு துணி அலமாரிதான் இதை அதிகமாக் கேட்டிருக்காம். நாமளும் கேட்டுப் பாக்கலாமா?"

டிங்.

சித்தப்பாவின் கையிலிருந்து கயிறு நழுவியது. அம்மா மெஷினை நிறுத்தினாள். பாட்டு முடிந்து குட்டி மிளகு சிரித்தபோது வானொலி அக்காவும் சிரித்துவிட்டார். நாய் குரைத்தது. பிறகு கேட்டவர்கள் அனுப்பிய செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"முப்பது மாடிக் கட்டடத்துல தரை துடைக்கிற அம்மா எழுதியிருக்காங்க. 'எங்க லிஃப்டும் இதே மாதிரிதான் முனகும். இன்னிக்குத்தான் அது பாடுதுன்னு தெரிஞ்சுது.' ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ், 'என் வீட்டு மணியும் அடிக்கறதில்ல. அந்த வரி வந்தப்ப அழுதுட்டேன்'னு எழுதியிருக்காங்க. இன்னொருத்தர், 'லிஃப்டுன்னா பயந்து ஆறு வருஷமா படியேறிக்கிட்டு இருக்கேன். நாளைக்கு ஒரு மாடி மட்டும் ஏறிப் பாக்கறேன்'ங்கறார். எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான். அடுத்த பாட்டு எப்ப?"

மிளகு செயலியைத் திறந்தாள்.

"எவ்வளவு?" என்று எட்டிப் பார்த்தார் சித்தப்பா.

"நாப்பத்தி ஒண்ணு, சித்தப்பா."

"நாப்பத்தி ஒண்ணா!" சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டாயிரத்து நானூறைவிடப் பெரிசா இருக்கே, இது!"

கட்டிய கயிற்றை அவரே அவிழ்த்தார். மைக்கை எடுத்துக்கொண்டு, எழுதி வைத்த இரண்டு வரியை முணுமுணுத்தபடி அலமாரிக்குள் தலையை நுழைத்தார்.

மிளகு அம்மாவின் போனை நோக்கிக் கையை நீட்டினாள். அம்மா சட்டென்று அதை எடுத்து மறைத்துக்கொண்டாள்.

"மறுபடியும் போர்வைக்கு அடியிலயா?"

"இல்லம்மா. ஒரே ஒரு தடவை."

போனை வாங்கி ஜன்னலோரம் வைத்தாள். சத்தத்தை முழுசாகக் கூட்டினாள். பாட்டை ஆரம்பத்திலிருந்து போட்டுவிட்டு, கடைசிச் சிரிப்பு வரும்வரை நகராமல் கேட்க உட்கார்ந்தாள்.