கதவு ரப்பர் மாற்ற வந்த ஆள்

‘எங்கள் மெக்கானிக் உங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார். வேலை நடந்துகொண்டிருக்கிறது. நன்றி’ என்று கைபேசியில் செய்தி வந்தபோது, வீட்டில் மாப்பிள்ளையையும் கட்டிலில் கிடந்த மாமனாரையும் தவிர ஈ காக்கை இல்லை.

மாப்பிள்ளைக்குச் சிரிப்புதான் வந்தது. மாமனார் அவரை அப்படித்தான் கூப்பிடுவார். தலை நரைத்த பிறகும் அந்த வீட்டில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் கிழிந்து, மூட மாட்டேன் என்று கதவு அடம்பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவர் அந்தக் கம்பெனியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு, பாட்டைக் கேட்டுக்கொண்டு காத்திரு. ரப்பர் இருப்பில் இல்லை என்றார்கள். இருக்கிறது, ஆனால் ஆள் வந்து பார்க்காமல் தர முடியாது என்றார்கள். பேசிய குரல்கள் எல்லாமே பணிவாக இருந்தன, அதுதான் அவருக்கு எரிச்சல்.

உள்ளே இருந்தது நேற்றைய குழம்பாக இருந்தால் போய்த் தொலைகிறது என்று விட்டிருப்பார். இருந்தது மாமனாரின் இன்சுலின். மனைவி வெளியூர்ப் பயிற்சிக்குக் கிளம்பும்போது, “அப்பாவ உங்க கையிலதான் விட்டுட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதனால் கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்து, வரைபடம் போடும் தன் மேஜையிலிருந்து அடிக்கடி எழுந்து வந்து அதைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனாரின் காலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. மருந்து கெட்டால் கால் போய்விடும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

தப்பு அவர்மேலும் இருந்தது. மெக்கானிக் வீட்டுக்குள் வந்ததும், கம்பெனி நம் கைபேசிக்கு அனுப்பும் ஒரு கோட் எண்ணை நம்மிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், வேலை முடித்துக் கிளம்பும்போது இன்னொன்றை. காலையில் ஒருவன் போனில் கூப்பிட்டு, “முதல் கோட இப்பவே சொல்லிடுங்க சார், சீக்கிரம் வந்துடறேன்” என்றான். ஊரே அப்படித்தான் கொடுக்கிறது. அவரும் கொடுத்துவிட்டார்.

வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. அவர் கம்பெனியைக் கூப்பிட்டார்.

“எங்க ஆள் உங்க வீட்டுலதான் இருக்காரு சார்” என்றது பெண் குரல்.

“யாரும் வரலம்மா.”

“உள்ள வந்த கோட் பதிவாயிருக்கு சார். நீங்கதான் குடுத்திருக்கீங்க.”

“சரி, அத ரத்து பண்ணிட்டு வேற ஆள அனுப்புங்க.”

“ஒருத்தர் உள்ள இருக்கும்போது இன்னொருத்தர அனுப்ப முடியாது சார். அவர் முடிச்சுட்டு வெளிய வரட்டும். தயவுசெஞ்சு காத்திருங்க.”

பாட்டு ஆரம்பித்தது. அவர் கைபேசியைக் காதிலிருந்து எடுத்தார், பாட்டு மெலிந்தது, அதற்கு அடியில் இன்னொரு சத்தம், சமையலறைப் பக்கமிருந்து, இறுகிய ஸ்க்ரூ ஒன்றை யாரோ அவசரமே இல்லாமல் திருகுவது போல, கீச் என்று ஒரு திருகு, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒரு திருகு என்று வந்துகொண்டிருந்தது. கூடவே ஒரு வாடை, புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்தால் மூக்கில் அடிக்குமே, அந்த ரப்பர் வாடை.

“மாப்பிள்ளை,” என்று உள்ளறையிலிருந்து மாமனார் கூப்பிட்டார். “அந்தப் பையன் போயிட்டானா?”

“எந்தப் பையன் மாமா?”

“ஃபிரிட்ஜுக்கு வந்தவன். இங்க வந்து நல்லா விசாரிச்சான். என்ன உயரம்னு கேட்டான். கால மடக்க வருமான்னு கேட்டான். வலிக்கும்ப்பா, ஆனா மடக்கலாம்னேன்.”

மாப்பிள்ளை திரும்பினார். வாசல் கதவைப் பார்த்தார். உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

சமையலறைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனார். முட்டுக்கொடுத்த நாற்காலி சாப்பாட்டு மேஜைக்கே திரும்பிப் போயிருந்தது. தரையில் செய்தித்தாள் விரித்து, ஃபிரிட்ஜின் கண்ணாடித் தட்டுகள், முட்டை வைக்கும் தட்டு, காய்கறிப் பெட்டி எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள். இன்சுலின் டப்பாவைத் தனியாக, பத்திரமாக, ஓரத்தில் வைத்திருந்தார்கள். கிழிந்த ரப்பர் சுருண்டு கிடந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு சாமானும் இல்லை. நல்ல வேலைக்காரன் செய்த வேலை.

திருகும் சத்தம் நின்றுவிட்டது.

அவர் ஓடினார். மாமனாரை அப்படியே தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட வேண்டும், மழையானாலும் சரி, எதிர்வீட்டுத் தையல்காரர் ஒரு கை கொடுப்பார். தூக்கிக்கொண்டு தாழ்ப்பாள் திறக்க முடியாதே என்று முதலில் வாசலுக்குப் போனார். தாழ்ப்பாள் எப்போதும் போல முரண்டுபிடித்தது. இழுத்தார். திறந்தது. மழைச் சாரல் முகத்தில் அடித்தது.

திரும்பி வந்தார்.

கட்டில் காலியாக இருந்தது. போர்வையை மடித்து வைத்திருந்தார்கள்.

“மாமா.”

கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். கைபேசி அதிர்ந்தது. ‘வேலை முடிந்தது. எங்கள் மெக்கானிக் விடைபெறுகிறார். மகிழ்ச்சி.’

இரண்டாவது கோட் எண்ணை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவு மூடியிருந்தது. கச்சிதமாக. சுற்றிலும் புது ரப்பர், கறுப்பாக, ஈரமாக. கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். காலை உதைத்து இழுத்தார். நகம் விட்டு நெம்பப் பார்த்தார். நகம் நுழைய இடமில்லை. ரப்பர் கதவோடும் பெட்டியோடும் ஒரே தோலாக ஒட்டிப்போயிருந்தது. கத்தியை எடுத்து அறுத்தார். அறுத்த இடம் கண்ணெதிரே கூடிக்கொண்டது.

உள்ளே தட்டும் சத்தம். மெதுவாக. விரல் முட்டியால்.

“மாப்பிள்ளை.”

“மாமா, இதோ, இதோ, திறந்துடறேன்.”

நாற்காலியால் அடித்தார். நாற்காலி உடைந்தது. பிளக்கைப் பிடுங்கினார். வயர் கையோடு வந்தது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

கம்பெனிக்குப் போட்டார். ஒன்று. இரண்டு. பாட்டு. பிறகு அதே குரல்.

“கதவு திறக்கலம்மா. உள்ள என் மாமனார்.”

“மூடலன்னுதானே சார் புகார் குடுத்தீங்க?”

“உள்ள ஆள் இருக்காரும்மா. பெரியவரு. மூச்சு விட முடியாது.”

“ஆள் வெளிய போயிட்டாருன்னு காட்டுது சார். திறக்கலன்னா அது புதுப் புகாருல வரும். மெக்கானிக் வந்து பார்க்கணும். கோட் அனுப்பறேன். சொல்றீங்களா?”

சொன்னார். வேறென்ன செய்வது. எண்ணைச் சொல்லும்போதே அழுதார்.

“நன்றி சார். எங்க ஆள் உள்ள வந்துட்டாரு.”

பின்னால் கீச் என்று ஒரு திருகு. அவர் திரும்பவில்லை. தரையில் விரித்திருந்த செய்தித்தாள் சரசரத்தது. புது ரப்பர் வாடை கழுத்தருகே வந்து நின்றது. கன்னத்தைக் கதவோடு அழுத்திக்கொண்டார். சில்லிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து அதே இடத்தில் ஒரு கன்னம் அழுந்துவது தெரிந்தது.

“குளிருது மாப்பிள்ளை,” என்றார் மாமனார். “கொஞ்சம் தள்ளி உக்காருப்பான்னு இந்தப் பையன்கிட்ட சொல்லுங்களேன்.”