வெல்டிங் மேசையும் சைக்கிள் மணியும்

வீட்டில் எல்லாரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். வயது பத்துதான். ஆனால் தூக்கத்தில்கூட யாரிடமாவது நியாயம் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவள் தம்பிக்கு நான்கு நாளாக இன்ஃப்ளூயன்சா காய்ச்சல். சூடு இறங்கிவிட்டது, இருமல் மட்டும் விடவில்லை. இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. பாவம், ஏழு வயதுப் பிள்ளை!

மாடியில் வீடு, கீழே அப்பாவின் வெல்டிங் பட்டறை. தம்பி படுத்த அன்றே அப்பா தன் வேலை மேசையைப் பட்டறையின் கோடியிலிருந்து இழுத்துவந்து, அவன் ஜன்னலுக்கு நேர் கீழே போட்டுக்கொண்டார். “புள்ள இருமினா எனக்குக் கேக்கணும்” என்றார். ஒவ்வொரு இருமலுக்கும் முகமூடியைத் தூக்கி மேலே பார்ப்பார்.

அன்று காலை தம்பியைப் பார்க்க நர்ஸ் அக்கா வந்தார். வாயாடி அவரை விடவில்லை.

“காய்ச்சல்தான் போயிடுச்சே அக்கா, இன்னும் ஏன் இருமுறான்?”

“கிருமி நுழைஞ்சதும் மூச்சுக்குழாய் ஒரு மாதிரி முரட்டு ஆக்சிஜனை உண்டாக்கும். கிருமியை அடிக்கத்தான். ஆனா அளவு மீறினா அது மூச்சுக்குழாயையே புண்ணாக்கிடும். அந்தப் புண் ஆறணும். புகை பட்டா முரட்டு ஆக்சிஜன் இன்னும் கூடிடும், பாத்துக்கோ.”

புகையா? வீட்டில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லையே!

வாயாடி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு இருமலுக்கு ஒரு கோடு. மத்தியானம் வரை ஆறு கோடு. சாப்பிட்டுவிட்டு அப்பா அன்றைய வெல்டிங்கை ஆரம்பித்தார். ஒரு மணி நேரத்தில் பதினெட்டு கோடு!

ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். அப்பாவின் மேசையிலிருந்து புகை நெளிந்து நெளிந்து நேராக மேலே வந்துகொண்டிருந்தது.

பாசத்தில் மேசையைப் போட்ட அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது? ஜன்னலைச் சாத்திவிட்டு மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்தாள். பிறகு தன் சைக்கிள் மணியைக் கழற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

“அப்பா, மெல்லிசுத் தகட்டுக்குக் கரண்ட் அதிகமா வெச்சா என்ன ஆகும்?”

“பொத்தல் விழும். ஏன், என் வேலைக்கு வரப் போறியா?”

“ரொம்பக் கொறைச்சா?”

“ஒட்டவே ஒட்டாது.”

“தம்பி மூச்சுக்குழாயும் அப்படித்தான்பா. முரட்டு ஆக்சிஜன் கொஞ்சம் இருந்தா கிருமியை அடிக்கும். ஜாஸ்தியானா அவனுக்கே புண்ணாகும். புகை அதை ஜாஸ்தியாக்குதாம்.” நோட்டை நீட்டினாள்.

அப்பா கோடுகளைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். முகமூடியை மெல்லக் கழற்றிக் கீழே வைத்தார்.

“அப்ப நான்தான் அவனை இரும வெச்சேனா?”

வாயாடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்களுக்கு எப்படிப்பா தெரியும்? மேசையைப் பழைய எடத்துக்கே கொண்டு போயிடலாம்.”

“அங்கேருந்து அவன் இருமறது கேக்காதேம்மா.”

“இருமல் எதுக்கு? அவன் கூப்பிட்டாக் கேட்டாப் போதாதா?” என்று மணியைக் காட்டினாள்.

இருவருமாக மேசையைக் கோடிக்கு நகர்த்தினார்கள். பக்கத்துத் தூணில் மணியைப் பொருத்தி, அதை அடிக்கும் நெம்புகோலில் ஒரு கயிற்றைக் கட்டி, தம்பியின் கட்டில் வரை கொண்டுபோனார்கள். “புகை ஒட்டின சட்டையை மாத்திட்டுத்தான் மேல வரணும்” என்று வாயாடி உத்தரவு போட்டாள். அப்பா தலையாட்டினார்.

மறுநாள் முதல் தடவை மணி அடித்ததும், அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“என்னடா கண்ணா, என்ன பண்ணுது?”

“ஒண்ணுமில்லப்பா. மணி அடிக்குதான்னு பாத்தேன்.”

சாயங்காலம் வாயாடி நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். இருமல் ஏழு. மணி பதினாலு. பதினாலு தடவையும் அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு படியேறி வந்திருந்தார்.