விடுபட்ட உறுப்பு

எட்டு லட்சம் மார்புகளுக்குள் கருமின்கலம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டில்தான், அதற்குக் கணக்குப் போட்ட தமயந்தி தன் பிழையைக் கண்டாள்.

நலிந்த இதயத்தைத் துடிக்கவைக்கும் அந்த அரிசியளவுக் கலத்துக்குள் ஒரு செயற்கைத் தனிமம் சிதைந்து மின்சாரம் தரும். பத்தாண்டில் அது தீர்ந்ததும், அதிலிருந்து பிறந்த சேய்த்தனிமம் அடுத்த ஐம்பதாண்டுக்குப் பொறுப்பேற்கும். கலம் செய்த நாளில் சேய்த்தனிமம் உலகில் எங்குமே இல்லை. அது சிதையும் வேகத்தை அளக்க வழியில்லை, கணக்கிடத்தான் முடியும்.

அணுக்கருவில் இரு துகள்கள் மிக அருகே வந்தால் ஒன்றையொன்று உதைத்து விலக்கும். அந்தக் குறுநெருக்க விலக்கத்துக்கான உறுப்பைச் சமன்பாட்டில் சேர்த்தால் கணினி இன்னும் ஆறு மாதம் ஓடவேண்டும். தமயந்தி அதை விட்டுவிட்டாள். அப்போது அவள் மகள் யாழிசைக்கு எட்டு வயது. மூன்று மாதம் தாங்கினால் பெரிது என்றிருந்தார் மருத்துவர்.

எட்டாண்டு கழித்து, புதிய கணினியில் அந்த உறுப்பையும் சேர்த்துப் பார்த்தாள். சேய்த்தனிமம் மிக மெதுவாகச் சிதையும். வரும் மின்சாரம் இதயத்துக்குப் போதாது. பெரியவர்களுக்குக் கலத்தை மாற்றிவிடலாம். குழந்தைகளுக்கோ, வளர்ந்த இதயத்தசை கலத்தை மூடிவிட்டிருந்தது. அங்கே கத்தி வைக்க முடியாது.

அறிக்கையை அன்றே சுகாதாரத் துறைக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தாள். நீச்சல் முடித்து வந்த யாழிசை தலை துவட்டிக்கொண்டிருந்தாள். தமயந்தி எதையும் மறைக்கவில்லை.

“எத்தன வருஷம்மா?”

“ரெண்டு. கொஞ்சம் கூடலாம்.”

யாழிசை துண்டை மடித்து வைத்தாள். “எனக்கு மூணு மாசந்தான் இருந்துச்சு. சரி. மத்த பிள்ளைங்களாலயும் அப்ப ஆறு மாசம் காத்திருக்க முடிஞ்சிருக்காதாம்மா?”

 மறுவாரம் பெற்றோர் கூட்டத்துக்குப் போகுமுன், கலம் பொருத்திய பதினோராயிரம் குழந்தைகளின் பழைய மருத்துவக் கோப்புகளையும் தமயந்தி கேட்டு வாங்கினாள்.

கூட்டத்தில் முதலில் எழுந்தவர் பரஞ்சோதி என்ற பேருந்து ஓட்டுநர். அவர் கோபப்படவில்லை. “நீங்க சீக்கிரம் முடிச்சதாலதாம்மா எம்மவன் இத்தன வருஷமா உசுரோட இருக்கான். அதுக்குக் கும்பிட்டுட்டுப் போலாம்னு வந்தேன்” என்று கைகுவித்தார்.

தமயந்தி அவர் மகனின் கோப்பைத் தேடி எடுத்தாள். அன்றைய மருத்துவர் கடைசி வரியில் எழுதியிருந்தார்: ‘அவசரமில்லை. ஓராண்டு காத்திருக்கலாம்.’

பரஞ்சோதி குவித்த கையை இறக்கும்வரை பொறுத்திருந்து, அந்த வரியை அவருக்கு வாசித்துக் காட்டினாள்.