சிங்க்கில் சிக்கிய கூந்தல்

ஹோம்ஸ்டே வேலை முடிந்து மதியம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும், அந்த வாடைதான் முகத்தில் அடித்தது. நாயுடுபுரத்து மலைச்சரிவில் கட்டிய பழைய வாடகை வீடு அது. ஈர வாடை எங்களுக்குப் புதிதில்லை. இது வேறு. தேங்காய் எண்ணெயும் சீயக்காயும் ஊறிப் புளித்த வாடை.

சமையலறைக்குப் போனால் சிங்க் நிறையத் தண்ணீர் நிற்கிறது. காலையில்தான் வெந்நீரை ஊற்றி, சமையல் சோடாவும் வினிகரும் போட்டு, ஒருவழியாக இறக்கிவிட்டுப் போயிருந்தேன். சனியன், திரும்பவும் கறுப்பாக ஏறி நிற்கிறது!

பக்கத்து வீட்டு ஆசியா அக்காவைக் கூப்பிட்டேன். அவர் கணவர் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அடைப்பு எடுக்கிற ஸ்பிரிங் கம்பியோடு அக்கா வந்தார். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் இறங்கி, எதிர் வீடுகூடத் தெரியவில்லை.

"வெரசா விடு மகா, நல்லாத் திருகு. எனக்கு அடுப்புல சோறு கெடக்கு."

கம்பியைக் குழாய்க்குள் விட்டுத் திருகினேன். எங்கோ ஆழத்தில் எதிலோ மாட்டியது. இழுத்தேன். அது விடவில்லை. அந்தப் பக்கமிருந்தும் யாரோ பிடித்திருப்பது போல இருந்தது. காலைச் சுவரில் ஊன்றி மறுபடி இழுத்தேன்.

முடி.

இழுக்க இழுக்க வந்தது. பிசுக்கேறிய, முழம் முழமான முடி.

ஆசியா அக்கா முக்காட்டால் மூக்கைப் பொத்தினார். "அடிப்பாவி! தலையச் சீவிட்டு சிங்க்லயா போடுவ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃபை அவிழ்த்துக் காட்டினேன். "நல்லாப் பாருங்கக்கா. இதுலருந்தா உதிரும்?"

போன மாதம் பழனியில் போட்ட மொட்டை. கைக்குக் குத்துகிற அளவுதான் வளர்ந்திருந்தது.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான், காய்கறி பிக்கப் வண்டி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் முத்துராஜ், பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில் வண்டியோடு பள்ளத்தில் விழுந்துவிட்டார். வண்டி கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. தேடப் போனவர்கள் கையை விரித்தார்கள். "முருகா, அந்த மனுசன உயிரோட கொண்டாந்து குடு, என் முடியக் குடுத்துர்றேன்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன். சில நாள் கழித்து, பனிமூட்டத்துக்குள்ளிருந்து நடந்தே வந்து வாசலில் நின்றார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஊரே முருகன் கருணை என்றது. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடியைக் கொடுத்துவிட்டு, சந்தனம் பூசிய தலையோடு சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

அந்த மனுசனுக்காக மொட்டை போட்டவள் நான். என் வீட்டு சிங்க்கில் எவள் முடி?

நான் வேலைக்குப் போகிற நேரத்தில் எவளையோ கூட்டிவந்திருக்கிறார், அவள் இங்கே நின்று தலையும் கழுவியிருக்கிறாள்! "அவசரப்படாத மகா, கேட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு அக்கா சோற்றைப் பார்க்க ஓடினார்.

போனைப் போட்டேன். அவர் பூண்டு மண்டியில் இருந்தார்.

"வீட்டுக்கு யாருங்க வந்தது?"

"யாரும் வரலையே."

"அப்ப சிங்க்ல பொம்பள முடி எப்படிங்க வந்துச்சு?"

தாழ்ந்த குரலில் சொன்னார். "அதத் தூரப் போட்ரு மகா. அதப் பாக்காத."

போன் கட்டானது.

பார்க்காதே என்றால் பார்க்காமல் விடுகிற ஆளா நான்? வாளியில் போட்டு, சுடுதண்ணீரும் சோப்பும் ஊற்றி அலசினேன். சுத்தமாக்கி அவர் மூஞ்சியிலேயே வீச வேண்டும் என்றிருந்தது. பிசுக்கு கரைந்தது. முடி இரண்டு கற்றையாகப் பிரிந்தது. ஒவ்வொரு கற்றையின் தலைப்பிலும் ஒரு முடிச்சு.

என் கை நின்றுவிட்டது.

பழனியில் பெண்களுக்கு மொட்டை போடும்போது, முடியை நனைத்து இரண்டாகப் பிரித்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் கத்தியை வைப்பார்கள். எனக்கும் அப்படித்தான் போட்டார்கள்.

ஒரு கற்றைக்குள் செம்பட்டையாக ஒரு கொத்து. பிறவியிலிருந்தே என் உச்சியில் இருந்த கொத்து.

என் முடி.

பழனியில் கொடுத்தது மலையேறி என் வீட்டுக் குழாய்க்குள் எப்படி வந்தது? கேட்டதைக் கொடுத்தால்தான் முடி முருகனுக்கு என்பது பேச்சு. அவன் திருப்பி அனுப்புகிறான் என்றால்?

அன்றைக்கு இவர் பழனி மலை ஏறவே இல்லை. கால் வலி என்று அடிவாரத்திலேயே நின்றுவிட்டார். கீறல்கூட இல்லாத காலில் என்ன வலி?

முருகன் கொண்டுவந்து தரவில்லை என்றால், இவரை யார் கொண்டுவந்தது?

வாசலில் செருப்புச் சத்தம். பனியோடு பனியாக உள்ளே வந்து, சமையலறை வாசலில் நின்றார். நடுவில் வாளி. அவர் அதைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"பாத்துட்டியா?"

நான் வாளியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"முடியத் திருப்பி வாங்கிக்கப் போறியா மகா?" அவர் குரல் நடுங்கியது. "நீ வாங்கிக்கிட்டா, நான் போகணும்."

நீங்கள் யார் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. ஆள் கிடைக்காத அந்த நாட்களில் இதே தரையில் நான் உருண்டு கிடந்தது ஞாபகம் வந்தது. இன்னொரு தடவை என்னால் முடியாது. சத்தியமாக முடியாது.

முடியை அள்ளினேன். சிங்க் ஓட்டைக்குள் திணித்தேன். கம்பியின் பிடியால் குத்திக் குத்தி, கடைசி இழையும் உள்ளே போகும்வரை அமுக்கினேன். உள்ளேயிருந்து எதுவோ என் கையைத் திருப்பித் தள்ளியது. நான் விடவில்லை.

"அடைப்பு போகலைங்க. கெடக்கட்டும். வெளிய பாத்திரம் கழுவிக்கிறேன்." கண்ணீர் கொட்டியது. அந்தக் குளிரில் நான் பேசின ஒவ்வொரு வார்த்தைக்கும் வாயிலிருந்து வெண்புகை எழுந்தது.

அவர் நெருங்கி வந்து என் கண்ணைத் துடைத்தார். சிரித்தார். என் வீட்டுக்காரரின் அதே சிரிப்பு. என் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னார்:

"காப்பி போடு மகா. ரொம்பக் குளுருது."

அவர் வாயிலிருந்து புகை வரவில்லை.

நான் பாலை அடுப்பில் வைத்தேன்.