தேடக்கூடாத இடம்

மனைவி இறந்துபோன பிறகு மெய்ப்பு பார்ப்பவரின் வீட்டில் சத்தம் போடக்கூடியவை இரண்டே இரண்டுதான்: குளிர்சாதனப் பெட்டியும் கணினியும். அன்று மழைச் சாயங்காலத்தில் கணினி கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டது. அதன் பெட்டிக்குள் யாரோ நகத்தால் சுரண்டுகிற மாதிரி.

"ஹார்ட் டிஸ்க் போகப்போகுது சார். வேணுங்கறத சீக்கிரம் எடுத்துக்குங்க," என்றார் கணினி பழுதுபார்ப்பவர், போனில்.

வேண்டியது ஒன்றே ஒன்று. கட்டில்மேல் ஈரத்துண்டைப் போட்டதற்காக அவள் ஒருநாள் திட்டியதை அவர் விளையாட்டாகப் பதிவு செய்திருந்தார். திட்டி முடித்ததும் சிரிப்பாள். ஊரார் பிழையையெல்லாம் தேடித் திருத்துகிற மனிதர், தன் கோப்புகளுக்கு 'புதுசு', 'ரொம்பப் புதுசு', 'கடைசி', 'சத்தியமாகக் கடைசி' என்று பெயர் வைத்திருந்தார். இனி அதில் எங்கே போய்த் தேடுவது?

"தேடற சாஃப்ட்வேருக்குக் காசு கீசு குடுத்துடாதீங்க சார். இலவசமாவே இருக்கு. ஒண்ணு கோப்புப் பேர மட்டும் பார்க்கும், மின்னல் மாதிரி. இன்னொண்ணு உள்ள இருக்கறதையும் படிக்கும், பேச்சக்கூட. ஆனா மொதல்ல மூலமுடுக்கெல்லாம் சுத்தி அட்டவணை போட்டுக்கும்."

பெயர் வைக்கத் தெரியாதவருக்கு இரண்டாவதுதான் லாயக்கு. இறக்கி நிறுவினார். குளித்துவிட்டு வந்து, வழக்கம்போல ஈரத்துண்டைச் சோபாவில் எறிந்துவிட்டுக் கணினி முன் நாற்காலியில் உட்கார்ந்தார். அமைப்புகளில் 'தேடக்கூடாத இடங்கள்' என்று ஒரு கட்டம். அதில் ஒரே ஒரு வரி.

மறுபடி போன் செய்தார். "இதுல 'படுக்கையறை'ன்னு இருக்கே, நீங்க போட்டதா?"

"நான் எங்க சார் போட்டேன்? புதுசா நிறுவினா அது காலியாத்தான் இருக்கும். எடுத்துவிடுங்க. படுக்கையறைக்குள்ளயெல்லாம் கம்ப்யூட்டர் வராது."

சிரித்துவிட்டு வைத்தார். யாரும் எழுதாத வரி இருந்தால் அது பிழை. அவர் தொழிலில் அதற்கு ஒரே வைத்தியம்தான். அந்த வரியை அடித்து நீக்கினார்.

சுரண்டல் நின்றது.

திரையின் அடியில் சின்ன எழுத்துகள் ஓடத் தொடங்கின. *அட்டவணையில் சேர்கிறது: படுக்கையறை, ஜன்னல்.* கூடத்தின் மறுகோடியில், அவள் போன நாள்முதல் வெளியே தாழ் போட்டு வைத்திருந்த அந்த அறைக்குள், மழையில் ஊறிய ஜன்னல் கதவு மெல்ல முனகியது. *படுக்கையறை, பீரோ.* கீல் கிறீச்சிட்டது. பாச்சை உருண்டையும் பழைய பட்டுச்சேலையும் கலந்த வாசனை கதவிடுக்கு வழியாகக் கசிந்து வந்து அவர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டது. *படுக்கையறை, கட்டில்.* பலகை நெறுநெறுத்தது, யாரோ எழுந்து உட்காருவது போல.

எலி என்று சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே, 'ஈரத்துண்டு' என்று தட்டினார்.

ஒரே ஒரு விடை. இடம்: கட்டில்.

அழுத்தினார். ஒலிபெருக்கியின் ஒயர் பிடுங்கிய நிலையில் மேசைமேல் கிடந்தது. குரல் அறைக்குள்ளிருந்து வந்தது.

"ஏங்க, ஈரத்துண்ட இங்க போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? சுவத்துக்கா சொல்றேன்?"

கண் நிறைந்துவிட்டது. பயம் இருந்தது; ஆனால் அதைவிடப் பெரியதாக வேறொன்று இருந்தது. இத்தனை நாளாக இந்த வீட்டில் அவரை ஒருவரும் ஏங்க என்று கூப்பிடவில்லை.

"இனிமே போடமாட்டேன்டி," என்றார். "இன்னொரு தடவ திட்டேன்."

அப்போதுதான் உறைத்தது. பதிவின் கடைசியில் அவள் சிரிப்பாளே. சிரிக்கவில்லை.

*படுக்கையறை, கதவு.*

தாழ்ப்பாள் நகர்ந்தது. வெளிப்பக்கத் தாழ்ப்பாள். அவரே போட்டது.

கணினியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். திரை அணையவில்லை.

*கூடம், சோபா.*

திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. இருண்ட ஜன்னல் கண்ணாடியில் சோபா தெரிந்தது. காலி. துண்டு இல்லை.

தரையில் சொட்டு விழும் சத்தம். கிட்டத்தில். இன்னும் கிட்டத்தில்.

*கூடம், நாற்காலி.*

அவர் தோள்மேல் ஈரமாக, சில்லென்று ஒன்று வந்து படிந்தது. துண்டு.

போட்ட விரல்கள் அதை இன்னும் விடவில்லை.