விருந்தினர் பிரிவு

வீடு நான்காவது முறையாக அனுமதி மறுத்தபோது நிறைமதி கையிலிருந்த பேனாவைச் சுவரில் எறிந்தாள். பேனா துள்ளி வந்து தம்பி குருவின் தட்டருகே விழுந்தது. அவன் வறுத்த மீனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஒரு தடவ பேழைய ஆஃப் பண்ணி ஆன் பண்ணுக்கா."

"மூணு தடவ பண்ணியாச்சு."

"நாலாவது தடவ பண்ணா கோச்சுக்குமா?"

அவள் பேனாவை எடுத்துக்கொண்டு மறுபடி நோட்டின் முன் உட்கார்ந்தாள். ஞாயிறு மதியம் இரண்டரை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு ராணிப்பேட்டைக் கொதிகலன் ஆலையில் அவளுக்குச் செயல்முறைத் தேர்வு. ஓர் அழுத்தமானியைக் கையில் கொடுப்பார்கள். பிரித்து, பிழை கண்டு, திருத்தி, முத்திரை வைத்துக் கொடுக்க வேண்டும். மூன்றாண்டு மாலை வகுப்பில் அதைத்தான் படித்திருந்தாள். படித்ததற்குச் சான்றிதழ் இருந்தது. படித்தது மட்டும் இல்லை.

அது கூடத்துச் சுவரில், சாமி படங்களுக்குக் கீழே பதித்திருந்த பேழையில் இருந்தது. வீட்டின் குரலும் அதுதான். பன்னிரண்டு வயதில் எல்லோருக்கும் போல அவளுக்கும் காதுக்குப் பின்னால் செவிப்பொட்டு வைத்தார்கள். அன்றுமுதல் அவள் பார்த்தது, கேட்டது, கை பழகியது எல்லாம் நாளுக்கு ஒரு தாளாகப் பேழைக்குப் போயிற்று. வேண்டும்போது தாள் தானாகவே நினைவில் ஏறும். அதனால் தலை தனக்கென்று எதையும் சேர்த்துவைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டது. முகங்கள், பெயர்கள், பயங்கள் தங்கும். மற்றதெல்லாம் பேழையில்தான்.

கல்யாணத்தின்போது அப்பா அவள் பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து நீக்கினார். அதே கையோடு வீட்டுப் பேழையிலிருந்தும் நீக்கினார். வேலூரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். பீரோ, கட்டில், பித்தளைக் குடத்தோடு அவளுடைய தாள்களின் சீர்நகல் ஒன்றும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிற்று. அவள் மூலத்தைக் கேட்டதற்கு அப்பா சிரித்துக்கொண்டே, "இந்த வீட்ல நடந்தது இந்த வீட்டுக்குத்தாம்மா சொந்தம்" என்றார். பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்திருக்கிறாள், புகைப்படம் இருக்கிறது.

பத்து வாரம் முன்பு அவள் மாப்பிள்ளை வீட்டை விட்டு வந்தபோது அவர்கள் பீரோவையும் தரவில்லை, நகலையும் தரவில்லை. குரு அன்றே அவள் பெயரை இந்தப் பேழையில் மறுபடி சேர்த்தான். சேர்த்தும் ஒரு தாள்கூடத் திறக்கவில்லை.

நோட்டில் அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

1. செவிப்பொட்டு வேலை செய்கிறதா? செய்கிறது.
2. பேழை என்னைப் பார்க்கிறதா? பார்க்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.
3. என் தாள்கள் இருக்கின்றனவா? இருக்கின்றன. 4712.
4. திறக்கின்றனவா? இல்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். யார் சொல்லிக்கொடுத்தது என்று அவளுக்கு நினைவில்லை. கைக்கு மட்டும் தெரிந்திருந்தது. நான்தான் எங்கோ தப்பு செய்கிறேன் என்ற எண்ணம் காலையிலிருந்து அவளை அரித்தது. அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை சோதித்தாள்.

ஐந்தாவதாகப் பேழையின் உரிமைப் பட்டியலைத் திறந்தாள். இரண்டு கதவுகள் இருந்தன. வெளிக்கதவு, வீட்டுக்குள் யார் வரலாம் என்பது. அங்கே அவள் பெயர் இருந்தது. உள்கதவு, ஒவ்வொரு தாளையும் யார் திறக்கலாம் என்பது. அங்கே பெயரே இல்லை. பதினெட்டு இலக்க எண் ஒன்று மட்டும் நின்றது.

"குரு, இது யார் நம்பர்?"

அவன் கையை நக்கிக்கொண்டு வந்து பார்த்தான். "உன்னுதுதான். பழைய உறுப்பெண்."

"பழையன்னா?"

"பேழை பேரப் பாக்காதுக்கா, நம்பரத்தான் பாக்கும். அப்பா நீக்கினப்பவே அந்த நம்பர் செத்துப்போச்சு. நான் சேத்தது புது நம்பர். அதே பேருல வேற ஆளு."

"வேற ஆளா?" அவள் குரல் உயர்ந்தது. "அப்போ பழைய நம்பரையே திருப்பிப் போட வேண்டியதுதானே!"

"போட முடியாது. நீக்கினது நீக்கினதுதான்."

"எந்தப் பிரிவுல என்னைச் சேத்த?"

குரு தட்டை எடுத்துக்கொண்டான். "நீக்கின பொண்ண சேக்கறதுக்கு ஒரே பிரிவுதான்கா காட்டிச்சு. விருந்தினர். உரிமை குடுத்தா படிக்கலாம், உடைமை கெடையாது."

"நீ போய் ஒரு வருஷம் புனேல இருந்தியே, உன் பேர நீக்கினாரா அவரு?"

"என்ன எதுக்கு நீக்கணும்?" என்றான் குரு, உண்மையாகவே புரியாமல்.

அவள் நோட்டில் ஐந்து என்று எழுதி, பேனா காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்திக் கோடு போட்டாள்.

சத்தம் கேட்டு அப்பா தணிகாசலம் உள்ளறையிலிருந்து வந்தார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். எந்த இயந்திரத்தின் முன்னும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

"இன்னா இப்போ? ஞாயித்துக்கிழமகூட நிம்மதி கெடையாதா?"

"என் படிப்பு அந்தப் பெட்டிக்குள்ள இருக்குப்பா. நீங்க பூட்டினது."

"யாரு பூட்டினாங்க? ஊர்ல எல்லாரும் செய்யறததான் செஞ்சேன்." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "மொதல்லயே காலேஜுல சேந்து படிச்சிருந்தா இந்தப் பரீட்சையே இல்ல. திருச்சியில சீட்டு கெடச்சுது. நீதான் வேணாம்னுட்ட, மாலை வகுப்பு போதும்னு."

"நானா சொன்னேன்?"

"பின்ன நானா?"

அவளுக்கு நினைவில்லை. அதுதான் அவளை அதிகம் எரித்தது. யார் என்ன சொன்னாலும் அவளைப் பற்றி அவள் நம்ப வேண்டியிருந்தது.

உதவிப் பக்கத்தை வரிவரியாகப் படித்து ஆறாவதாக ஒரு வழியைக் கண்டாள். உறுப்பினர் இல்லாமல் போன தாள்களை வீட்டுத்தலைவர் உடைமை ஏற்கலாம். ஏற்றபின் யாருக்கும் படிக்கும் உரிமை தரலாம்.

"அவ்ளோதானே, ஏத்துக்கறேன்" என்றார் அப்பா.

"அவ்ளோதான் இல்லப்பா. படிக்கறவங்களுக்குக் கேட்டாத்தான் தாள் வரும். உடைமைக்காரங்களுக்குத் தானா நினைவுல ஏறும். பதிமூணு வருஷமும். என் கண்ணால, என் ஒடம்பால. எனக்கு அது பிடிக்கல. வேற வழியும் இல்ல."

"பெத்த பொண்ணு. எனக்குத் தெரியாதது இன்னா இருக்கப்போவுது?" அவர் கட்டைவிரலைப் பேழையில் வைத்தார்.

வீடு அடக்கமாக, "உடைமை மாற்றப்பட்டது" என்றது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்பா சிரித்தார். "ஒனக்குக் கணக்கு டீச்சர்னா அவ்ளோ பயமா?" என்றார். பிறகு அவளுக்கே தெரியாத ஒரு தோழியின் பெயரைச் சொன்னார். பேச்சின் நடுவிலேயே அவருடைய கை நெஞ்சைத் தடவியது, கழுத்தைத் தடவியது. எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். திரும்பி வந்தவர் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, உரிமை குடுங்க."

"ம்."

அவர் வெகுநேரம் பேழைமுன் குனிந்து நின்றார். கடைசியில் வீடு அவள் பெயரைச் சொல்லி வரவேற்றது. அழுத்தமானி என்று அவள் நினைத்ததும் விரல்களுக்குள் திருகாணியின் எடை வந்தது. முள்ளைத் தூக்கும் விதம், சுருள்குழாயின் வளைவு, ஆசிரியரின் குட்கா வாசம்கூட வந்தது. நிறைமதி ஒரு நிமிடம் கண்ணை மூடி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏழாவதைச் செய்தாள். வேலை முடிந்ததும் எண்ணிப் பார்க்க வேண்டும். வகுப்பில் இந்த வழக்கங்களைச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று இப்போது தெரிந்தது.

4708.

மறுபடி எண்ணச் சொன்னாள். 4708.

"நாலு தாள் கொறையுதுப்பா."

"பரீட்சைக்கு வேண்டியது வந்துடுச்சு இல்ல? படி, போ."

"எந்த நாலு நாள்?"

"ஒண்ணும் இல்லாத நாளுங்க."

"ஒண்ணும் இல்லன்னா ஏன் எடுத்து வெச்சீங்க?" அவள் மேசையில் அறைந்தாள். உள்ளே குரு கேட்டுக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினான். "எனக்கு மறைக்கறதுக்கு அது உங்க நாளா? என்னுது! நான் வாழ்ந்தது!"

அப்பா வாதாடவில்லை. அது அவளுக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. கட்டைவிரலை மறுபடி வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நாற்காலிக்குப் போனார்.

அவள் அந்த நான்கு தாள்களையும் கேட்டாள். பதினாறு வயது. மே மாதம். திருச்சியிலிருந்து அழைப்பு வருகிறது. அவள் பக்கத்தில் நிற்கும்போதே அப்பா, "பொண்ணுக்கு விருப்பம் இல்லீங்க" என்கிறார். அவள் கத்துகிறாள். அவர் அவள் கையைப் பிடித்து மாடி அறைக்கு இழுத்துப்போய் வெளியே தாழ்ப்பாள் போடுகிறார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அக்கினி நட்சத்திரத்து வேலூர். சேர்க்கைக் கடைசி நாள் கழியும் வரை நான்கு பகல். கீழே தட்டுகள் வைக்கும் ஓசை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அம்மா, பின்னாளில் இறந்துபோன அம்மா, ஜன்னல் கம்பி வழியாக டம்ளரை நீட்டுகிறாள். கீழிருந்து அப்பா, "அவளா வேணாம்னு சொல்ற வரைக்கும் ஒண்ணும் குடுக்காத" என்கிறார். டம்ளர் திரும்பிப் போகிறது. நான்காம் நாள் அவளே வேண்டாம் என்று சொல்கிறாள்.

இந்தப் பத்து வாரமும் அவள் கூடத்தில்தான் படுத்தாள். மாடி அறை காலியாகத்தானே இருக்கிறது என்று குரு கிண்டல் செய்தபோது காரணம் சொல்லத் தெரியவில்லை.

"நானா வேணாம்னேன்?" என்று கேட்டாள். குரல் தணிந்திருந்தது. கத்தியதைவிட அது மோசமாக ஒலித்தது.

அப்பா இரண்டாவது சொம்பைக் காலி செய்திருந்தார். "எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்துச்சு மதி. சத்தியமா." உதட்டை நக்கிக்கொண்டார். "இது போவ மாட்டேங்குது. குடிச்சாலும் தாகம் போவல. அந்த டம்ளரு திரும்பிப் போவுது, மறுபடி போவுது. நீ இத வாங்கிக்கோ. உடைமைய உனக்கே எழுதிடறேன்."

"விருந்தினருக்கு உடைமை கெடையாதுப்பா."

"அப்போ அழிச்சுடு. நீதான் படிச்சவ. உனக்குத் தெரியும்."

அழிக்கலாமா என்று அவள் நினைத்துப் பார்த்தாள். அவருக்காக அல்ல. இனி அந்தத் தாள்களைக் கேட்காமல் விட அவளால் முடியும், அவருக்கோ அவை தானாக ஏறிக்கொண்டே இருக்கும். அது சரியான தண்டனை என்றுதான் கோபம் சொன்னது. அப்படியே விட்டுவிட்டால் தாழ்ப்பாளை வெளியிலிருந்து போடுவது நானாகிவிடுவேனோ என்ற சந்தேகமும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு தாள்களையும் தேர்ந்து அழிக்கச் சொன்னாள்.

"அனுமதி மறுக்கப்பட்டது" என்றது வீடு. "ஒரு நாளை அழிக்கும் உரிமை, அந்த நாளை வாழ்ந்தவருக்கு மட்டுமே உண்டு."

"நான்தான் வாழ்ந்தேன்."

"இல்லை. நீங்கள் விருந்தினர். அந்த நாளை வாழ்ந்தவர் இந்த வீட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார். நீக்கியவர், வீட்டுத்தலைவர் தணிகாசலம். காரணம், திருமணம்."

குரு கதவோரம் வந்து நின்றான். "அவங்களத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லியா?" என்று அப்பா அவனிடம் கேட்டார். நீக்கப்பட்டவளைப் பற்றி அவர் 'அவங்க' என்று பேசுவதை நிறைமதி முதன்முறையாகக் கேட்டாள்.

"நீக்கினது நீக்கினதுதான்பா" என்றான் குரு.

அப்பா மூன்றாவது சொம்பை எடுக்கப் போனார். அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, எட்டு என்ற எண்ணை வட்டமிட்டு எழுதினாள்:

8. பேழையில் பழுது எதுவும் இல்லை. வீடு, சொல்லிவைத்தபடியே வேலை செய்கிறது.